மாகறல் பலாவும் காஞ்சி மாமரமும்: மரம் பார்க்க ஒரு நாள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் மாகறலில் இறங்குங்கள். காலையிலேயே வந்துவிடுவது நல்லது. உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள். செய்யாற்றங்கரையில் இருக்கும் திருமாகறலீசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். படுத்திருக்கும் யானையின் பின்புறம் போல, தூங்கானை மாடமாகக் கட்டிய விமானத்தின் வளைவு பின்புறம் நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

இங்கே தலமரம் எலுமிச்சை. ஊர்க் கதையில் நிலைத்திருப்பதோ ஒரு பலா. நாளுக்கொரு பழம் தந்த அந்த மரத்தின் பழம் மாகறலீசருக்குப் படைத்தபின் தில்லை நடராசருக்கும், அங்கிருந்து ராஜேந்திர சோழனுக்கும் போனதாம். பழம் சுமக்கும் முறை தன் வீட்டுக்கு வந்தபோது, ஒரு சிறுவன் மரத்தையே எரித்துவிட்டான் என்கிறது தலபுராணம். அவன் பக்கமும் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. இங்கிருந்து தில்லை எவ்வளவு தூரம்! வழியில் தோப்பில் பலா தென்பட்டால் அடிமரத்தைப் பாருங்கள். நுனிக்கிளை தாங்காத எடையுள்ள காய், தடித்த காம்பில் தண்டிலிருந்தே நேராக இறங்கும்.

மாலையில் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில். தலமரமான மாவுக்கு 3,500 வயது, நான்கு கிளையும் நான்கு வேதம், நான்கு சுவை என்பது நம்பிக்கை. அதனடியில் அம்மன் மணல் லிங்கத்தைத் தழுவும் காட்சியைச் சிற்பிகள் தூணில் செதுக்கியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள். வயதை அறிவியலால் சொல்வது எளிதல்ல. வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழாது, முதிர்ந்த மரம் உள்ளே பொக்காகியும் போகும். ஒரே மரத்தில் பல சுவை என்பதை மட்டும் ஒட்டுக்கட்டத் தெரிந்த எந்த நாற்றங்கால்காரரும் செய்துகாட்டுவார்.

கையில் நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். சென்னை ராஜதானியில் தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார் வைட். அவர்கள் படங்களில் கிளையோடு பூவின் உள்ளுறுப்புகளும் தனித்தனியே இருக்கும். நீங்களும் முழு மரத்தோடு நிறுத்தாமல் உதிர்ந்த ஓர் இலையை எடுத்து நரம்பு நரம்பாக வரையுங்கள். மரத்தில் இருப்பதைப் பறிக்க வேண்டாம், பட்டையில் பெயர் கீற வேண்டாம்; அந்தக் காயத்தின் வழியே பூஞ்சை உள்ளே போகும்.