பாங்காக் ட்ரிப்: பகல் செலவு கையில நிக்கும், ராத்திரி செலவு நிக்காது!

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல "பாங்காக் போலாமா?"னு ஒரு மெசேஜ் விழுந்ததும் எல்லாரும் முதல்ல பாக்குறது ஃப்ளைட் டிக்கெட் விலையைத்தான். ரெண்டு வாரம் ஆப்பை மாத்தி மாத்தி பாத்து 1,500 ரூபாய் மிச்சம் பிடிப்போம். அங்க போய் இறங்கின முதல் ராத்திரியே அந்த 1,500 காணாம போயிடும். எங்க போச்சுன்னும் தெரியாது.

பேக்பேக்கிங் பயணத்தோட பட்ஜெட் உடையுறது பெரும்பாலும் ராத்திரி 9 மணிக்கு மேலதான். அதனால ராத்திரிக்கு தனியா ஒரு கணக்கு போடுவோம். பார்ட்டி பண்ணாதீங்கன்னு சொல்ல வரல. அந்த முடிவுகளை எல்லாம் இங்க வீட்டுல, தெளிவா இருக்கும்போதே எடுத்துடுங்கன்னுதான் சொல்றேன்.

1. ரெண்டு பட்ஜெட் போடுங்க

பாங்காக்ல பேக்பேக்கர்ஸ் கூடுற இடம் காவ் சான் ரோடு. "காவ் சான்"னா தாய் மொழியில அரிசின்னு அர்த்தம். ஒரு காலத்துல அரிசி வியாபாரம் நடந்த தெரு, இன்னைக்கு ஹாஸ்டலும் பாரும் தெருவோர நூடுல்ஸ் கடையுமா இருக்கு. கணக்கு எளிமைக்கு 1 பாட் = 2.70 ரூபாய்னு வச்சுக்குவோம். நீங்க கிளம்புற அன்னைக்கு என்ன ரேட்டோ அதைப் போட்டுக்கோங்க.

அஞ்சு நாள் பகல் கணக்கு, ஒருத்தருக்கு:
- ஹாஸ்டல் டார்ம் படுக்கை: 400 x 5 = 2,000 பாட்
- சாப்பாடு: 400 x 5 = 2,000 பாட்
- பஸ், படகு, ரயில்: 200 x 5 = 1,000 பாட்
- மொத்தம் 5,000 பாட், அதாவது 13,500 ரூபாய்

ஒரு ராத்திரி கணக்கு:
- ரெண்டு "பக்கெட்" டிரிங்க்ஸ்: 500 பாட்
- கிளப் உள்ள போக, அங்க ஒரு டிரிங்க்: 500 பாட்
- நடுராத்திரி சாப்பாடு: 200 பாட்
- திரும்பி வர டாக்ஸி: 300 பாட்
- மொத்தம் 1,500 பாட். மூணு ராத்திரின்னா 4,500 பாட், அதாவது 12,150 ரூபாய்

இப்ப பாருங்க. அஞ்சு நாள் தங்கி, சாப்பிட்டு, ஊர் சுத்துறதுக்கும் மூணு ராத்திரிக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு! ஆனா நாம பேரம் பேசுறது எல்லாம் ஹாஸ்டல் வாடகையில.

டாக்ஸி செலவு ஏன் வருதுன்னா, பிடிஎஸ், எம்ஆர்டி ரயில்கள் சுமாரா நள்ளிரவோட நின்னுடும். அதுக்கு மேல டுக்-டுக் காரர் சொல்றதுதான் விலை. கிராப், போல்ட் ஆப் ரெண்டையும் இங்கேயே போட்டு, கார்டையும் சேத்து வச்சுக்கோங்க. நல்லா தூங்கணும்னா காவ் சான் மேலேயே ரூம் போடாதீங்க. பக்கத்துல இருக்குற சோய் ராம்புத்ரி கொஞ்சம் அமைதியான தெரு, அங்கிருந்து நடந்தே போயிட்டு நடந்தே வந்துடலாம். அந்த ஏரியாவுல சுத்துற ராத்திரிகள்ல டாக்ஸி காசும் மிச்சம்.

2. ஏடிஎம்ல சின்னச் சின்னதா எடுக்காதீங்க

தாய்லாந்து ஏடிஎம்கள்ல வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் இருக்கும். கணக்குக்கு 220 பாட்னு வச்சுக்குவோம். 2,000 எடுத்தாலும் அதேதான், 10,000 எடுத்தாலும் அதேதான்.

2,000 பாட்டா அஞ்சு தடவை எடுத்தா கட்டணம் 1,100 பாட். 10,000 பாட்டை ஒரே தடவை எடுத்தா 220 பாட். வித்தியாசம் 880 பாட், நம்ம காசுல 2,376 ரூபாய். இது ரெண்டு ராத்திரி டார்ம் வாடகையை விட அதிகம்!

இது போக உங்க வங்கி வேற ஃபாரெக்ஸ் மார்க்கப் போடும். 3.5% மார்க்கப், அதுக்கு 18% ஜிஎஸ்டி சேத்தா 4.13%. அதனால குறைஞ்ச மார்க்கப் உள்ள கார்டு ஒண்ணு, கொஞ்சம் பாட் நோட்டு, ரெண்டும் இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க. கிரெடிட் கார்டுல ஏடிஎம் பக்கம் போகவே கூடாது. அதுக்கு தனி கட்டணம் உண்டு, எடுத்த நாள்லேர்ந்தே வட்டியும் ஓடும்.

3. "ரூபாயில கட்டுறீங்களா?"ன்னா வேண்டாம்னு சொல்லுங்க

பார்ல கார்டு மெஷின் ரெண்டு ஆப்ஷன் காட்டும்: பாட் அல்லது ரூபாய். ரூபாயைப் பாத்ததும் நம்ம ஊர் காசாச்சேன்னு விரல் அங்கேயே போகும். இதுக்குப் பேர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். மாத்துற ரேட்டை முடிவு பண்றது அந்த மெஷின் பக்கத்து கம்பெனி. 3,000 பாட் பில் நம்ம கணக்குப்படி 8,100 ரூபாய். அங்க 6% கூட்டி வச்சா 8,586 ரூபாய். இதுக்கும் மேல உங்க வங்கி தனி சார்ஜ் போடுற வாய்ப்பும் இருக்கு. ஏடிஎம்லயும் இதே கேள்வி வரும். எப்பவும் உள்ளூர் கரன்சியையே அமுக்குங்க.

இன்னொண்ணு, வெளிநாட்டுல நிறைய பரிவர்த்தனைக்கு ஓடிபி கேக்காது. உங்களுக்கு இருக்குற நிஜமான பூட்டு வங்கி ஆப்ல வைக்கிற லிமிட்தான். சாயங்காலம் வெளிய கிளம்பும்போது இன்டர்நேஷனல் லிமிட்டை 5,000 ரூபாய்க்கு இறக்கிடுங்க. அன்னைக்கு ராத்திரி பட்ஜெட்டை நோட்டா பாக்கெட்ல வைங்க. ரெண்டாவது கார்டும் பாஸ்போர்ட்டும் ஹாஸ்டல் லாக்கர்ல இருக்கட்டும். நோட்டு தீந்தா ராத்திரி முடிஞ்சது.

4. குடிக்காத நண்பன் கட்டுற வரி

நாலு பேர், பில் 4,800 பாட். "மச்சான், சமமா பிரிச்சுக்கலாம்டா"ன்னா ஆளுக்கு 1,200. அதுல குடிக்காத ஒருத்தர் சாப்பிட்டது 350 பாட்டுக்குத்தான். ஒரு ராத்திரிக்கு அவர் கூடுதலா கட்டினது 850 பாட். மூணு ராத்திரிக்கு 2,550 பாட், அதாவது 6,885 ரூபாய். அவர் வாய் திறந்து கேக்க மாட்டார். ஆனா அடுத்த ட்ரிப்புக்கு "வேலை இருக்குடா"ன்னு சொல்லிடுவார்.

தீர்வு ரெண்டு உண்டியல். ரூம், டாக்ஸி, சாப்பாடு ஒண்ணுல, எல்லாருக்கும் பொது. டிரிங்க்ஸ் இன்னொண்ணுல, குடிக்கிறவங்க மட்டும். ஸ்பிளிட்வைஸ் மாதிரி ஆப்ல அன்னன்னைக்கே பாட்ல எழுதிடுங்க. இதை குரூப்ல டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே பேசிடணும். பார்ல உக்காந்து பேசுற விஷயம் இல்ல.

5. எல்லாத்தையும் விட பெரிய ரிஸ்க்: பைக்

மேல சொன்னது எல்லாம் ஆயிரக்கணக்குல போற காசு. இது லட்சக்கணக்குல போறது.

கோ பங்கன் தீவு, ஹாட் ரின் பீச், ஃபுல் மூன் பார்ட்டி. வாடகை ஸ்கூட்டர் ஈஸியா கிடைக்கும், லைசென்ஸ் கேக்காமலேயே குடுக்குற கடைகளும் உண்டு. ஆனா கடைக்காரர் கேக்கலைன்னாலும் இன்சூரன்ஸ் கம்பெனி கேக்கும். உங்க டிராவல் இன்சூரன்ஸ் பாலிசியில "விலக்குகள்" பகுதியை ஒரு தடவை படிங்க. மது போதையில ஏற்பட்ட காயம், சரியான லைசென்ஸ் இல்லாம ஓட்டினதுல ஏற்பட்ட காயம், ரெண்டும் பொதுவா அதுல இருக்கும்.

அதாவது, ரெண்டு பக்கெட் குடிச்சுட்டு ஸ்கூட்டர்ல போய் விழுந்து கால் உடைஞ்சா, பாலிசி கையில இருந்தும் ஆஸ்பத்திரி பில் உங்க பில். அட்வான்ஸ் கட்டச் சொன்னா, விடியக்காலையில ஊர்ல அப்பாவுக்குத்தான் போன் போகும். அவர் எஃப்டியை உடைக்கணும். உங்க ட்ரிப்போட ரிஸ்க்கை நிஜமா சுமக்கிறது அவர்தான்.

- பைக் ஓட்டியே ஆகணும்னா ஆர்டிஓ-வுல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்குங்க. கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். உங்க இந்திய லைசென்ஸ்ல டூவீலர் இருக்கணும்.
- பாஸ்போர்ட்டை அடமானமா குடுக்காதீங்க. டெபாசிட் பணம் குடுங்க, பைக்ல இருக்குற கீறலை எல்லாம் முதல்லயே வீடியோ எடுத்துக்கோங்க.
- குடிச்ச ராத்திரியில வண்டி சாவி யார் கையிலும் வேண்டாம். ஷேர் டாக்ஸி போதும்.

6. காசு எங்கிருந்து வரணும்?

ஃப்ளைட், ஷாப்பிங் எல்லாம் சேத்து 60,000 ரூபாய்னு வைங்க. 16% வட்டியில 12 மாச பர்சனல் லோன் போட்டா இஎம்ஐ சுமார் 5,444 ரூபாய், வட்டி மட்டும் 5,300-க்கு மேல, பிராசஸிங் கட்டணம் தனி. அதே 12 மாசம் முன்னாடியே மாசம் 5,000 ஆர்டி போட்டா வட்டி உங்களுக்கு வரும். ரெண்டுலயும் மாசா மாசம் போறது ஏறக்குறைய ஒரே தொகைதான்!

ஏஜென்ட் கிட்ட டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. அது போன காசு இல்ல. உங்க வரிக் கணக்குல அது பதிவாகி இருக்கான்னு பாத்து, ஐடிஆர் தாக்கல் பண்ணும்போது எடுத்துக்கலாம்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் செக்லிஸ்ட்

- தாய்லாந்து டிஜிட்டல் அரைவல் கார்டு: போய்ச் சேர்றதுக்கு 3 நாளைக்குள்ள அரசு தளத்துல போடணும். இலவசம். காசு கேக்குற தளம்னா வெளிய வந்துடுங்க.
- வேப் பழக்கம் இருந்தா வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. அங்க அது சட்டவிரோதம்.
- இன்சூரன்ஸ் அவசர நம்பர் எல்லார் போன்லயும் இருக்கணும், ஒரு பேப்பர்லயும் இருக்கணும்.
- லாக்கருக்கு சொந்தப் பூட்டு ஒண்ணு.
- எமர்ஜென்சி ஃபண்டுல கை வைக்கலைன்னு உறுதி பண்ணிக்கோங்க.

இந்த ராத்திரி கணக்கை உங்க ட்ரிப் குரூப்ல இன்னைக்கே போட்டு, ஆளுக்கு ஒரு நம்பர் சொல்லச் சொல்லுங்க. யாருக்கு எவ்வளவு முடியும்னு இங்கேயே தெரிஞ்சுட்டா, அங்க போய் யாரும் யாரையும் தர்மசங்கடத்துல விட வேண்டியதில்ல. நல்லா சுத்திட்டு வாங்க, முழுசா வீடு வந்து சேருங்க!