பல் உள்வைப்பு: நீங்கள் எதிர்பார்க்க வேண்டியவை

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஒரு சிறிய டைட்டேனியத் திருகைப் பொருத்தி, அதன்மேல் செயற்கைப் பல்லை அமைப்பதே பல் உள்வைப்பு. முதுமை இதற்குத் தடையல்ல. தாடை எலும்பும் ஈறும் உறுதியாக இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

முதல் முறை செல்லும்போது நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் கொண்டுசெல்லுங்கள். எலும்பு மெலிவு நோய்க்கு மாத்திரையோ ஊசியோ பெற்றால், மறக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சில, தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கலாம். இரத்தத்தை மெலிதாக்கும் மருந்தை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லையென்றால், முதலில் அதைக் கவனிக்க வேண்டியிருக்கும்.

மரத்துப்போகும் ஊசி போட்டபிறகே திருகு பொருத்தப்படும். அழுத்தத்தை உணர்வீர்கள், வலி இருக்காது. பிறகு சில நாட்களுக்கு வலியும் வீக்கமும் இருக்கலாம். கஞ்சி, இட்லி போன்ற மென்மையான உணவு போதும். புகைபிடித்தால் புண் ஆறத் தாமதமாகும், உள்வைப்பே தோல்வியடையலாம்.

பல்லும் அன்றே கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திருகு எலும்புடன் இணையப் பொதுவாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். அதற்குப் பிறகே செயற்கைப் பல்.

சிங்கப்பூரில் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு, வரம்புக்கு உட்பட்டு, மெடிசேவைப் பயன்படுத்தலாம். செயற்கைப் பல்லுக்கான செலவு தனி. மொத்தக் கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

செயற்கைப் பல்லில் சொத்தை விழாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு நோயுறலாம். தினமும் இருமுறை துலக்குங்கள். இரத்தக்கசிவு, சீழ், ஆட்டம் தெரிந்தால் தாமதிக்காமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.