நீங்களே கை வைக்கலாம்

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் குளத்தின் பெயர் தவறாக இருக்கிறது. நானே திருத்தலாமா? கட்டுரையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகத் திருத்துங்கள். பக்கத்தின் மேலே உள்ள 'தொகு' என்பதைத் தட்டி, பெயரை மாற்றி வெளியிட்டால் வேலை முடிந்தது. கெடுத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. பழைய வடிவமும் அங்கேயே இருக்கும், இரண்டு சொடுக்கில் மீட்டுவிடலாம். 1995இல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கித் தளத்தைத் திறந்தபோதே, படிப்பவரே பக்கத்தைத் திருத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. தவறைச் செய்வது எவ்வளவு சுலபமோ, அதைத் திருத்துவதும் அவ்வளவு சுலபம்.

யாரும் எதையும் எழுதலாமென்றால் எப்படி நம்புவது என்பீர்கள். பெயரை மட்டும் மாற்றினால் நம்பமாட்டார்கள்தான். உள்ளூர்க்காரர் என்பது அங்கே சான்றிதழ் ஆகாது. மாவட்ட விவரச்சுவடியிலோ நாளிதழிலோ அந்தப் பெயர் இருந்தால், அதை மேற்கோளாகச் சேருங்கள். வெளியிடும்போது வரும் சுருக்கப் பெட்டியில் "குளத்தின் பெயர் திருத்தம்" என்று ஒரு வரி எழுதுங்கள். அப்படியும் யாராவது பழையபடி மாற்றினால் மல்லுக்கட்ட வேண்டாம். பக்கத்திலேயே 'உரையாடல்' இருக்கிறது, ஆதாரத்தை அங்கே வைத்துப் பேசுங்கள்.