ஒரு கல்லீரலில் இரண்டு வைரஸ்

கேள்வி: என் கணவருக்கு வயது 46. ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இருக்கிறதாம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: வந்தே தீரும் என்பதில்லை அம்மா. ஆனால் ஒரு வைரஸ் மட்டும் உள்ளவரைவிட ஆபத்து கூடுதல்தான். அதை மறைக்க மாட்டேன். சி வைரஸ் பெரும்பாலும் கல்லீரலைப் பல வருடம் தழும்பேற்றி, சிரோசிஸ் வழியாகவே புற்றுநோயில் கொண்டுபோய் விடும். பி அப்படிக் காத்திருப்பதில்லை. கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொள்வதால், சிரோசிஸ் இல்லாதவருக்கும் புற்றுநோய் வரலாம். தொந்தரவு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

சி-யை இப்போது பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே, 100-க்கு 95 பேருக்கு ஒழித்துவிட முடிகிறது. கவனம் வேண்டியது இங்கேதான். சி இருக்கும்வரை பல நேரம் பி-யை அடக்கி வைத்திருக்கும். சி போனதும் பி தலைதூக்கி, கல்லீரலே செயலிழந்தவர்கள் உண்டு. 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை விடுத்தது. எனவே சிகிச்சைக்கு முன்பே பி வைரஸின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்; தேவைப்பட்டால் டெனோஃபோவிர் போன்ற மாத்திரையையும் மருத்துவர் சேர்த்துத் தருவார்.

சி குணமானாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுப்பதை விடக்கூடாது. மது ஒரு சொட்டும் வேண்டாம். பூஞ்சை பிடித்த நிலக்கடலையை யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதிலுள்ள அஃப்ளடாக்சின் என்ற நச்சு, பி வைரஸோடு சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும்.

நீங்களும் பிள்ளைகளும் இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பாருங்கள். தொற்று இல்லையென்றால் பி-க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சி-க்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.