எத்தனை தண்ணி அல்ல, எந்தத் தண்ணி?

ராமநாதபுரம் பக்கம் பாசனச் சோதனைத் திடலில் களப்பணிக்குச் சேர்கிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எத்தனை தண்ணி கட்டணும்?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "எந்தத் தண்ணி?"

உப்பை அளக்கும் இ.சி. (மின்கடத்துதிறன்) மீட்டர் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள். கண்மாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் தனித்தனியே அளந்து, தேதி போட்டு எழுதுங்கள். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினால் சுமார் 2 லட்சம் லிட்டர். அதன் இ.சி. மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸ் என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் உப்பு. ஒரே பாசனத்தில் 250 கிலோ உப்பை நீங்களே வயலில் கொட்டிவிடுகிறீர்கள்! நல்ல மழை பெய்து கழுவும்வரை பெரும்பகுதி மண்ணிலேயே கிடக்கும். தண்ணீர் கூடினால் விளைச்சலும் கூடும் என்ற கணக்கு இந்தக் கரையோரத்தில் எடுபடாது.

இந்த மாவட்டத்தின் முக்கியப் பயிர்கள் நெல்லும் மிளகாயும். திடலில் நாம் சோதிக்கும் சோயா இங்கே விருந்தாளி. ஆனாலும் உப்பைத் தாங்குவதில் மிளகாயைவிடக் கெட்டி. மண்சாற்றின் இ.சி. 5 வரை சோயா சமாளிக்கும், அதைத் தாண்டினால் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் 20 விழுக்காடு சரியும். மிளகாய்க்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 1.5. அதை 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய்க்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். திடலில் பார்த்துச் சொல்லத்தான் உங்களுக்குச் சம்பளம். தண்ணீரின் இ.சி. வேறு, மண்ணின் இ.சி. வேறு என்பதும் நினைவிருக்கட்டும்.

சோதனையில் பாசன அளவுகளை, தண்ணீர் ஆவியாவதை அளக்கும் ஆவிமானியை வைத்துத்தான் பிரிப்பார்கள். விடும் தண்ணீருக்கும் ஆவியான தண்ணீருக்கும் உள்ள விகிதம் 0.8 என்றால், 50 மி.மீ. தண்ணீர் விட 62.5 மி.மீ. ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும், 0.6 என்றால் 83 மி.மீ. நாளுக்கு 7 மி.மீ. ஆவியாகும் வெயிலில் முன்னது 9 நாளுக்கு ஒருமுறை, பின்னது 12 நாளுக்கு ஒருமுறை. இடையில் மழை பெய்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

சோயாவுக்கு விதைத்த உடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். இலை விடும் பருவத்தில் கொஞ்சம் காய்ந்தாலும் தேறிவிடும். பூக்கும்போது காயவிட்டால் பூ உதிரும். காயில் மணி பிடிக்கும்போது காயவிட்டால் மணி சிறுக்கும். தேங்கவிட்டாலோ வேர்முடிச்சுக்குக் காற்று போகாமல் இலை வெளுக்கும். கையில் நல்ல தண்ணீர் குறைவாக இருந்தால் பூவுக்கும் காய்க்கும் ஒதுக்குங்கள்.

அறுவடையில் ஓரத்து வரிசைகளை எடைக்குச் சேர்க்காதீர்கள். பக்கத்துப் பாத்தித் தண்ணீர் கசிந்து வந்திருக்கும்.