நடுநிலைச் சமுதாயமும் நம் மாணவர்களும்

இடையஞ்சாவடியிலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்களைக் காணலாம். பாத்தியில் உப்பு விளைந்ததும் எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். வடிக்காமல் மேலும் காயவிட்டால் அந்நீரின் கசப்பு உப்பிலும் ஏறிவிடும். அளவு கடந்தால் நல்லதும் கெடும் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள பாடம்.

அல்லாஹுத்தஆலா திருமறையில் (2:143) நம்மை நடுநிலைச் சமுதாயமாக ஆக்கியிருப்பதாகக் கூறுகிறான். இதன் பொருளை நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் காண்கிறோம். இரவெல்லாம் தொழுவேன் என்றார் ஒரு தோழர். நாள்தோறும் நோன்பு நோற்பேன் என்றார் மற்றொருவர். மணமே முடிக்கமாட்டேன் என்றார் மூன்றாமவர். மூவரின் எண்ணமும் வணக்கமே. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. தாம் தொழுது உறங்குவதையும், நோன்பு நோற்று விடுவதையும், மணம் புரிந்து வாழ்வதையும் எடுத்துக்காட்டித் திருத்தினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி.

ஸிஃப்பீன் போருக்குப்பின் (கி.பி. 657) பிரிந்துசென்ற காரிஜிய்யாக்கள் தொழுகையிலும் ஓதுவதிலும் குறைந்தவர்களல்லர். ஆனால் ஹளரத் அலீ (ரலி) அவர்களையே காஃபிர் என்றனர். அலீ (ரலி) அவர்கள் முதலில் அனுப்பியது படையையல்ல, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை. அவர்களுடைய ஐயங்களை முழுதும் கேட்டு, திருமறையைக் கொண்டே விடையளித்தார்கள், ஆயிரக்கணக்கானோர் திரும்பிவந்தனர். திரும்பாதவர்களில் ஒருவனே கி.பி. 661-ல் கூஃபாவில் அலீ (ரலி) அவர்களை வெட்டினான்.

பழங்கதை என்று இதை ஒதுக்கமுடியுமா? 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைத் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதை நடத்திய காத்தான்குடி ஸஹ்ரான் ஹாஷிம் மத்ரஸாவில் ஓதும்போதே ஆசிரியர்களோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டவன். அவன் முதலில் பகைத்தது பிற சமயத்தாரையல்ல. தரீக்காவைப் பின்பற்றிய முஸ்லிம்களைத்தான். அவனைப்பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முன்கூட்டி எச்சரித்தும் இருந்தனர். கொலைகாரர்களின் உடல்களை அடக்கம் செய்ய ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது.

ஆகவே பெற்றோரும் உஸ்தாதுமார்களும் மூன்றைக் கவனிப்போமாக:

1. தன் தந்தையை, அண்டை வீட்டாரைக் காஃபிர், வழிகேடர் என்று மாணவன் சொல்லத் தொடங்கினால், அதை பக்தி என்று எண்ணி மகிழவேண்டாம். தீவிரத்தின் முதற்படி அதுவே.

2. முரண்டுபிடித்துக் கேள்வி கேட்பவனை விரட்டவேண்டாம். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களைப் போல் உட்கார்ந்து பேசுவோம். நாம் மூடிய கதவுக்கு வெளியே வேறொருவன் காத்திருப்பான்.

3. பேச்சு வன்முறைக்குத் திரும்பினால் மறைக்கவேண்டாம். உயிரைக் காப்பது கடமை.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை நேர்வழியில், நடுவழியில் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.