பழைய ரிசீவர் இருக்கட்டும், ஸ்பீக்கரை மாற்று

தம்பி, ஸ்பீக்கரோடு சேர்த்து ரிசீவரையும் தூக்கி எறியப் போகிறேன் என்று சொன்னாயானால் அக்கா மறிப்பேன். பத்துப் பன்னிரண்டு வருசத்து ரிசீவர் என்றாலும் எல்லாப் பக்கமும் சத்தம் வருகுது, இரைச்சல் இல்லை, சூடு அளவோடு இருக்குது என்றால் அது இன்னும் உழைக்கும். வீட்டில் காதுக்கு வந்து சேருகிற சத்தத்தை முதலில் தீர்மானிக்கிறது ஸ்பீக்கர், அதற்கடுத்தது அறை. ரிசீவர் மூன்றாவதுதான். காசும் அந்த வரிசையில் போகட்டும்.

கடைக்குப் போக முதல் ரிசீவரைத் திருப்பி, பின்பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள். ஸ்பீக்கர் வயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் ‘6 முதல் 16 ஓம்’ என்ற மாதிரி ஒன்று எழுதியிருக்கும். புது ஸ்பீக்கர் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 8 ஓம் என்றால் கவலையில்லை, 6 ஓமும் சரி. 4 ஓம் ஸ்பீக்கரைப் பழைய ரிசீவரில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால் சூடேறி ‘புரொடெக்ட்’ என்று காட்டி நின்றுவிடும். நின்றால் அது உன் அதிர்ஷ்டம், நிற்காவிட்டால் திருத்தக்காரனுக்கு அதிர்ஷ்டம். கல்யாண வீட்டுக்கென்று ஒரே இணைப்பில் இரண்டு ஸ்பீக்கரைப் பக்கம்பக்கமாகக் கொழுவுகிற பழக்கமும் வேண்டாம். இரண்டு 8 ஓம் சேர்ந்தால் ரிசீவருக்குத் தெரிவது 4 ஓம்தான்.

உன்னிடம் இருப்பது ஒரே பெட்டியில் ஐந்து குட்டி ஸ்பீக்கரோடு வந்த செற் என்றால் கணக்கு வேறு. அந்தக் குட்டிகள் பெரும்பாலும் 3 ஓம், 4 ஓம். அதில் 8 ஓம் ஸ்பீக்கர் போட்டால் ஆபத்தில்லை, ஆனால் ரிசீவர் தரும் பவர் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போகும். அந்தக் குட்டிகளைக் கழட்டி வேறு ரிசீவரில் போடுவதுதான் ஆபத்து.

அடுத்தது வோட். பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ. 5000 வோட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அது விளம்பரம், அளவு இல்லை. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேள். அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது சென்சிடிவிட்டி. ஒரு வோட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கும் என்கிற கணக்கு அது. 87 டெசிபெல் ஸ்பீக்கர் தருகிற சத்தத்தை 84 டெசிபெல் ஸ்பீக்கரில் எடுக்க ரிசீவர் இரட்டிப்புப் பவர் கொடுக்கவேண்டும். 90 டெசிபெல் ஒன்று கிடைத்தால் அதே சத்தத்துக்கு 87க்குக் கொடுத்ததில் பாதி போதும். பழைய ரிசீவரை இளைப்பாற விடுகிற வழி இதுதான். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், பெட்டியிலோ கையேட்டிலோ நீயே தேடு.

ஐந்தையும் ஒரே நாளில் மாற்றக் காசில்லையா? முன்னுக்கு இருக்கிற மூன்றையும் ஒரே கொம்பனி, ஒரே வரிசையில் வாங்கு. பின்னுக்குப் பழையதே கிடக்கட்டும். படத்தில் பேச்சு முழுக்க வருவது நடு ஸ்பீக்கரில். “பாட்டு இடிக்குது, கதைக்கிறது விளங்கேல்ல” என்று அம்மா சொல்கிறாவே, அந்தக் குறை தீருவது அங்கேதான். மூன்றுக்கும் காசு காணாவிட்டால் நல்ல சோடி ஒன்று மட்டும் வாங்கி, ரிசீவர் மெனுவில் சென்டர் ‘நோன்’ என்று போடு. பேச்சு இரண்டு பக்கமும் பிரிந்து நடுவில் கேட்கும். மலிவு சென்டரைவிட இது மேல். நடு ஸ்பீக்கரை ரீவி மேசையின் உள்தட்டில் ஒளித்து வைக்காதே. விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, இருக்கிற ஆளின் காதைப் பார்க்க வை.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பழைய ஸ்பீக்கர் தரட்டுமா என்றால், கரண்டில் மாட்டாத சாதாரண ஸ்பீக்கருக்கு உடனே சம்மதி. அதற்கு நாடு எதுவும் தடையில்லை. சப்வூஃபர் என்றால் பொறு. அதற்குள் தனி அம்ப் இருக்கும், தனிப் பிளக் இருக்கும். கனடாவில் 120 வோல்ட், ஜப்பானில் 100, எங்கட வீட்டில் 230. லண்டனில் இருந்து வந்தால் பரவாயில்லை. மற்ற இடம் என்றால் லேபலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு. ரிசீவரில் ‘சப் பிரீ அவுட்’ துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

இனி எங்கட ஊர்ப் பிரச்சினை. இறக்கக்கண்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. வாடையில் உப்பு வரும், கச்சானில் புழுதி வரும். கொழும்பில் பத்து வருசம் இருக்கிற சாமான் இங்கே ஐந்தில் ஆடும். கோனைச் சுற்றியிருக்கிற விளிம்பு நுரை என்றால் வாங்காதே, ரப்பராக இருக்கட்டும். நுரை இந்த ஈரப்பதத்தில் பொடியாக உதிரும். பெட்டி அமுக்கின மரத்தூள் பலகை என்றால் நிலம் கழுவுகிற தண்ணீரில் அடி ஊதும், ரப்பர் கால் போட்டு உயர்த்து.

வயருக்குக் கொள்ளைக் காசு கொடுக்காதே. ஹார்ட்வெயாரில் விற்கிற 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு வயர் போதும். பத்து மீட்டர் இழுத்தாலும் போய்வரக் கால் ஓமுக்குள்தான் தடை வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமேயில்லை. ஒரு இழையை பிளேட்டால் சுரண்டிப் பார். உள்ளே வெள்ளை தெரிந்தால் செம்பு பூசின அலுமினியம், திருப்பிக் கொடு. உப்புக் காற்றில் நுனி கறுத்துப் பச்சை பிடிக்கும். வருசத்துக்கு ஒருமுறை, வாடை தொடங்க முதல், நுனியை ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாக உரித்து முறுக்கி மாட்டு. “ஸ்பீக்கர் போச்சு” என்று சொல்லுகிற பாதிப்பேருக்கு இதுதான் வருத்தம்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறினால் பேஸ் காணாமல் போகும். சந்தேகம் என்றால் ரிசீவர் பக்க வயரைக் கழட்டி, 1.5 வோல்ட் பேனா பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பார். பற்றரியின் பிளஸ்ஸில் சிவப்பு தொடும்போது கோன் முன்னுக்கு வரவேண்டும்.

மாட்டியவுடன் மைக் வைத்து அளக்கிற வேலையைத் திரும்பச் செய். டெனனில் ஓடிசி, யமஹாவில் வை.பி.ஏ.ஓ., பயனியரில் எம்.சி.ஏ.சி.சி. என்று அதற்குப் பெயர். மைக் தொலைந்துவிட்டால் டேப் எடுத்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் அளந்து மெனுவில் போடு. சப்வூஃபர் இருந்தால் ஸ்பீக்கரை ‘ஸ்மோல்’ என்று போட்டு 80 ஹேர்ட்ஸில் வெட்டு. ஆழ்ந்த சத்தம் சப்வூஃபருக்குப் போகும், ரிசீவரின் பாரம் இறங்கும். வெறும் டைல்ஸும் சீமெந்துச் சுவரும் இருக்கிற அறை எதிரொலிக்கும். நிலத்தில் ஒரு பெரிய பன்பாய், யன்னலுக்குத் தடித்த திரை. இதற்குப் பெரிய காசில்லை, ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்ததைவிட வித்தியாசம் தெரியும்.

பழைய ரிசீவரில் 4கே போகாது என்று பயப்படாதே. எல்லாவற்றையும் ரீவியில் மாட்டு, ரீவியிலிருந்து ஒப்டிக்கல் வயர் ஒன்றை ரிசீவருக்கு இழு. ரீவியின் சவுண்ட் மெனுவில் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் இரண்டு பக்கம்தான் வரும், ‘டொல்பி டிஜிட்டல்’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்று. டொல்பி டிஜிட்டலும், 1996இல் ‘கருப்பு ரோஜா’ படம் தமிழுக்குக் கொண்டுவந்த டி.டி.எஸ்ஸும் அந்த வயரில் தாராளமாகப் போகும். அட்மாஸ் போகாது. மேலே கூரையில் ஸ்பீக்கர் பூட்டுகிற எண்ணம் இல்லாதவரைக்கும் அதை மறந்துவிடு. யூடியூப் படங்கள் பெரும்பாலும் இரண்டு பக்கச் சத்தம்தான், அதற்கு ரிசீவரில் ‘புரோலொஜிக்’ அமுக்கு.

ரிசீவரை அலுமாரிக்குள் அடைத்து வைக்காதே, மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும். சூட்டுக்குப் பல்லி வந்து உள்ளே படுக்கும், சர்க்யூட்டில் பட்டால் அதுவும் போகும் ரிசீவரும் போகும். பின்பக்கம் துப்புரவாக இருக்கட்டும்.

கரண்ட் போய் வரும்போதுதான் அம்ப் சாகிறது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்ன நாடு இது. கரண்ட் போனதும் பிளக்கைக் கழட்டு, வந்து பத்து நிமிசம் நிலைத்தபிறகு மாட்டு. ஐப்பசி, கார்த்திகை இடியில் பிளக்கோடு டிஷ் வயரையும் டிஷ் பெட்டியிலிருந்து கழட்டு. மின்னல் அந்த வயரால் இறங்கி ரீவியின் எச்.டி.எம்.ஐ. போர்டைத் தின்றபிறகு எந்தத் திருத்தக்காரனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.